இளவெயிலில் நின்றும் அம்மாவுக்கு வைட்டமின் டி 7. எப்படி?

தறிவீட்டுப்பெண்:

வணக்கம். அம்மாவுக்கு 57 வயது. சென்னிமலைப் பக்கம் எங்கள் ஊர். முப்பத்தைந்து வருடமாகக் குழித்தறியில் உட்கார்ந்து போர்வை நெய்கிறார். ஒன்றரை வருடமாக இடுப்பு, தொடை, விலா எல்லாம் வலி. மூட்டு வலி என்றால் தொட்டுக் காட்ட ஓர் இடம் இருக்கும். அம்மாவைக் கேட்டால் "எலும்புக்குள்ளயே வலிக்குது கண்ணு" என்கிறார். தறிக்குழியிலிருந்து எழ விளிம்பில் இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. சில நாள் என்னைக் கூப்பிடுகிறார். மாடிப்படி ஏறுவதை விட்டே விட்டார். நடையும் மாறிவிட்டது, இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து நடக்கிறார்.

முதலில் காட்டிய இடத்தில் "வயசாகுதில்ல, தேய்மானம்தான்" என்று வலி மாத்திரை கொடுத்தார்கள். ஒரு வருடம் அதிலேயே ஓடிவிட்டது. போன வாரம் வேறொரு டாக்டர் ரத்தப் பரிசோதனை எழுதினார். வைட்டமின் டி 7 நானோகிராம், மிகக் குறைவாம். கால்சியம் 8.3. அல்கலைன் பாஸ்படேஸ் என்று ஒன்று 290, பக்கத்தில் 'அதிகம்' என்று குறி போட்டிருக்கிறது. வாரம் ஒரு 60,000 யூனிட் மாத்திரை எட்டு வாரத்துக்கு, தினமும் கால்சியம் இரண்டு வேளை.

எனக்குப் புரியாதது இதுதான். அம்மா தினமும் காலை ஆறரைக்கு வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு அரை மணி நேரம் இளவெயிலில் உட்காருவார். பல வருடப் பழக்கம். அப்படியிருந்தும் 7 எப்படி வந்தது? அப்புறம் 60,000 என்ற எண்ணைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது. கொடுக்கலாமா?

கரிசல்மண்:

கவலைப்படாதீர்கள் சகோதரி. எங்கள் பாட்டி கடைசி வரை களத்துமேட்டில் வேலை செய்தவர், மாத்திரையைத் தொட்டதில்லை. இளவெயிலில் இன்னும் ஒரு மணி நேரம் கூடுதலாக உட்காரச் சொல்லுங்கள். பிரண்டைத் துவையல், கேழ்வரகுக் களி, முருங்கைக்கீரை கொடுங்கள். 60,000 எல்லாம் உடம்பு தாங்காது.

எலும்புப்பிரிவு:

நான் எலும்பு மருத்துவத் துறையில் வேலை செய்கிறேன். இதைப் படித்துவிட்டுப் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. உங்கள் அம்மா சொல்லும் வலியை, அந்த நடையை, நான் அடிக்கடி பார்க்கிறேன். பெரும்பாலும் 'தேய்மானம்' என்று பெயர் வைக்கப்பட்டு ஒன்றிரண்டு வருடம் கழித்துத்தான் வருகிறார்கள். நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய முடியாது. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டுக்கும் பதில் உண்டு.

முதலில் இளவெயில். தோலில் வைட்டமின் டி உண்டாக்குவது வெயிலின் சூடும் அல்ல, வெளிச்சமும் அல்ல. புற ஊதாக் கதிரில் பி வகை மட்டும்தான், 290 முதல் 315 நானோமீட்டர் வரையுள்ள ஒரு சின்னத் துண்டு. சூரியன் தாழ்வாக இருக்கும்போது கதிர் சாய்வாக வருகிறது, காற்று மண்டலத்தில் நெடுந்தூரம் கடக்கிறது. அதற்குள் ஓசோன் இந்தத் துண்டை ஏறக்குறைய முழுவதும் வடிகட்டிவிடும். ஆறரை மணி வெயிலில் உட்காருவது மனதுக்கு நல்லது, எலும்புக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. தோலில் இருக்கும் மூலப்பொருளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்துத் திருப்பதியில் வெயிலில் வைத்துப் பார்த்தார்கள். 11 மணி முதல் 2 மணி வரைதான் நன்றாக மாறியது. சென்னிமலை அதைவிடக் கொஞ்சம்தான் தெற்கே. இதற்குக் கருவி எதுவும் வேண்டாம். வெயிலில் நின்று நிழலைப் பாருங்கள். நிழல் உங்களைவிட நீளமாக இருந்தால் அந்த வெயிலில் வைட்டமின் டி மிகக் குறைவு. குட்டையாக இருந்தால் உண்டு.

ஓட்டு வீட்டுக்குள் குழித்தறியில் காலை முதல் மாலை வரை உட்காரும் ஒருவர் அந்த 11 மணி வெயிலைப் பார்க்கவே மாட்டார். ஜன்னல் ஓரம் என்றாலும் கண்ணாடி இந்தக் கதிரைத் தடுத்துவிடும். நம் தோல் நிறத்துக்கு வெள்ளைத் தோலைவிடக் கூடுதல் நேரமும் தேவை. வயதாக ஆகத் தோலில் மூலப்பொருளும் குறைகிறது. எழுபது வயதில் இருபது வயதின் கால் பங்கு அளவுக்குத்தான் உண்டாகும்.

இனி உடம்புக்குள் நடப்பது. தோலில் உண்டானதோ மாத்திரையில் வந்ததோ, அப்படியே வேலை செய்யாது. கல்லீரல் அதை ஒரு முறை மாற்றும். ரத்தத்தில் அளந்து 7 என்று கொடுத்தது அந்த வடிவத்தைத்தான். சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றிய பிறகே அது குடலுக்குப் போய், சாப்பாட்டிலுள்ள கால்சியத்தை உள்ளே இழுக்கும். வைட்டமின் டி போதாவிட்டால் நாம் சாப்பிடும் கால்சியத்தில் 10 முதல் 15 சதவீதம்தான் ரத்தத்தில் சேரும். போதுமான அளவு இருந்தால் 30 முதல் 40 சதவீதம் சேரும்.

ரத்தத்தில் கால்சியம் குறைய உடம்பு விடாது. இதயம், தசை, நரம்பு எல்லாவற்றுக்கும் அது வேண்டும். கழுத்தில் தைராய்டுக்குப் பின்னால் நான்கு சிறிய பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. அவை ஹார்மோனைக் கூட்டி எலும்பிலிருந்து கால்சியத்தை எடுத்து ரத்தத்தில் விடும். அதே ஹார்மோன் பாஸ்பேட்டைச் சிறுநீரில் வெளியே தள்ளும். எலும்பு வாழ்நாள் முழுக்கத் தன்னைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும். புதிதாக வரும் எலும்பில் முதலில் புரதச் சட்டகம், அப்புறம்தான் சுண்ணம். கால்சியமும் பாஸ்பேட்டும் இல்லையென்றால் சட்டகம் மட்டும் நிற்கும். கம்பி கட்டி, சென்ட்ரிங் அடித்து, கான்கிரீட் போடாமல் விட்ட கட்டடம் போல. பெரியவர்களுக்கு இது வந்தால் ஆஸ்டியோமலேசியா, எலும்பு மென்மை. வளரும் குழந்தைக்கு வந்தால் ரிக்கெட்ஸ், கால் வளையும்.

எலும்புக்குள் வலி, தொடையும் இடுப்பும் பலமிழந்து தரையிலிருந்து எழ முடியாமை, சாய்ந்து நடப்பது, அல்கலைன் பாஸ்படேஸ் உயர்வு, இந்த நான்கும் ஒன்றாக வந்தால் நாங்கள் முதலில் நினைப்பது இதைத்தான். டாக்டரிடம் கேட்டுப் பாஸ்பரஸ், கிரியாட்டினின், பாராதைராய்டு ஹார்மோன், இடுப்பு எக்ஸ்ரே பார்த்துவிடுங்கள். எக்ஸ்ரேயில் தொடை எலும்பின் கழுத்தருகே மெல்லிய கோடு போல ஒரு விரிசல் தெரிந்தால் படி, பளு எதுவும் கூடாது. வலிப்புக்கு ஃபெனிடாயின் போன்ற மாத்திரை நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் அதையும் சொல்லுங்கள், அதுவும் வைட்டமின் டியைக் குறைக்கும்.

60,000 பற்றி. 40 யூனிட் சேர்ந்தால் ஒரு மைக்ரோகிராம். அப்படிப் பார்த்தால் 60,000 யூனிட் என்பது ஒன்றரை மில்லிகிராம், ஒரு கடுகின் எடைகூட வராது. வாரத்துக்கு ஒன்று என்றால் நாளுக்கு 8,500 யூனிட் சொச்சம். 7 இருக்கும் ஒருவருக்கு எட்டு வாரம் இதைக் கொடுப்பது நம் நாட்டில் வழக்கமான சிகிச்சைதான். கொடுங்கள்.

கரிசல்மண் அய்யா, பிரண்டையும் முருங்கைக்கீரையும் நல்ல உணவுதான், கொடுக்கட்டும். ஆனால் அவற்றில் வைட்டமின் டி கிடையாது. உங்கள் பாட்டிக்கு எலும்பைக் காப்பாற்றியது அந்தக் களத்துமேட்டு உச்சி வெயில் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

மருந்துக்கடை_மதுரை:

டாக்டர் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், தயவுசெய்து இதைக் கவனியுங்கள். அந்த மாத்திரை *வாரம்* ஒன்று. தினம் ஒன்று அல்ல.

எங்கள் கடைக்கு வரும் ஒரு பெரியவர் வேறு எங்கோ வாங்கியதைத் தினமும் ஒன்றாக இரண்டு மாதத்துக்கும் மேல் சாப்பிட்டிருக்கிறார். சீட்டில் கிறுக்கலாக எழுதியிருந்ததை யாரோ தினம் ஒன்று என்று படித்துச் சொல்லிவிட்டார்கள். வாந்தி, மலச்சிக்கல், அடங்காத தாகம், கடைசியில் ஆள் அடையாளம் தெரியாத குழப்பம். ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் அடி வாங்கி, மருத்துவமனையில் பல நாள் கிடந்தார். இது தண்ணீரில் கரையும் வைட்டமின் அல்ல, மிஞ்சியது சிறுநீரில் போய்விடாது. கொழுப்பில் தங்கிவிடும்.

ஒரு கிழமையைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள், ஞாயிறு என்று வைத்துக்கொள்வோம். நாட்காட்டியில் எட்டு ஞாயிறுக்கும் வட்டம் போடுங்கள். அட்டையை மற்ற மாத்திரை டப்பாவோடு வைக்காதீர்கள். மதியச் சாப்பாடு முடிந்ததும் கொடுங்கள், எண்ணெய் நெய் உள்ள சாப்பாட்டோடு நன்றாகச் சேரும். கால்சியம் கார்பனேட் என்று அட்டையில் போட்டிருந்தால் அதுவும் சாப்பாட்டோடுதான், ஒரு வேளைக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம். இரும்புச் சத்து மாத்திரையோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் இரண்டுக்கும் நடுவே நான்கு மணி நேரம் விடுங்கள்.

தறிவீட்டுப்பெண்:

ரொம்ப நன்றிங்க. சீட்டை இப்போது எடுத்துப் பார்த்தேன். ஒரு 1, ஒரு கோடு, ஒரு எழுத்து, அவ்வளவுதான் இருக்கிறது. போன் போட்டுக் கேட்டேன், வாரம் ஒன்றுதான் என்று உறுதி செய்தார்கள். நாட்காட்டியில் வட்டம் போட்டாயிற்று.

டொராண்டோ_மழலை:

இங்கே கனடாவில் பாலில் வைட்டமின் டி சேர்ப்பது சட்டப்படி கட்டாயம். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நடுப்பகலிலும் சூரியன் அவ்வளவு தாழ்வு, தோலில் ஒன்றும் நடக்காது. எனக்கு 11 வந்தபோது குளிர் தேசம், கறுப்புத் தோல், அதனால்தான் என்று எடுத்துக்கொண்டேன். திருச்சியில் இருக்கும் என் அக்காவுக்கு 9. அவர் வங்கியில் வேலை, காலை ஒன்பதுக்கு உள்ளே போனால் மாலை ஆறுக்குத்தான் வெளியே. வெயில் ஊரில் இருந்தால் போதாது, ஆள் வெயிலில் இருக்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் உறைத்தது. அங்கே பாலில் சேர்ப்பார்களா?

மருந்துக்கடை_மதுரை:

இங்கே கட்டாயமில்லை. சேர்த்திருந்தால் பாக்கெட்டில் நீல நிறத்தில் கூட்டல் குறியும் எஃப் எழுத்தும் இருக்கும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் முத்திரை அது. ஆனால் ஒரு டம்ளர் பாலில் கிடைப்பது கொஞ்சம்தான். 7 இருப்பவருக்கு அது போதாது.

பழையஏடு:

நான் வரலாறு படித்தவன், மருத்துவம் தெரியாது. ஆனால் இந்த நோயின் கதை எனக்கு எப்போதும் ஆச்சரியம், அதனால் எழுதுகிறேன்.

1650இல் லண்டனில் பிரான்சிஸ் கிளிசன் ரிக்கெட்ஸ் பற்றி ஒரு நூலே எழுதிவிட்டார். காரணம் கண்டுபிடிக்க அதற்குப் பிறகு ஏறக்குறைய 270 வருடம் ஆயிற்று. 1822இல் போலந்தில் ஸ்னியாடெக்கி என்ற மருத்துவர், வார்சா நகரத்துக் குழந்தைகளுக்கு வருவது கிராமத்துக் குழந்தைகளுக்கு வருவதில்லை, வெயில்தான் காரணம் என்று எழுதினார். யாரும் கண்டுகொள்ளவில்லை. ஜப்பானில் மருத்துவம் பார்த்துவிட்டு பிரிட்டன் திரும்பிய தியோபால்ட் பாம் 1890இல் அதையே சொன்னார். புகை மூடிய தொழில் நகரங்களில்தான் இந்த நோய் குவிந்திருக்கிறது, ஏழைகளாக இருந்தாலும் வெயில் உள்ள நாடுகளில் அபூர்வம் என்று.

1919 ஒரு விசித்திரமான வருடம். லண்டனில் மெல்லன்பி நாய்க்குட்டிகளை வீட்டுக்குள்ளேயே வைத்து ஓட்ஸ் கஞ்சி கொடுத்து வளர்த்தார், ரிக்கெட்ஸ் வந்தது, மீன் எண்ணெய் கொடுத்ததும் சரியானது. அதே வருடம் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி, கால் வளைந்த குழந்தைகளைப் பாதரச விளக்கின் புற ஊதா ஒளியில் வைத்துக் குணப்படுத்தினார். ஒரு கைக்கு மட்டும் ஒளி காட்டினார், இரண்டு கை எலும்பும் சேர்ந்து ஆறின! அதாவது தோலில் ஏதோ உண்டாகி ரத்தத்தில் கலந்து போகிறது. ஒருவர் உணவு என்கிறார், ஒருவர் ஒளி என்கிறார், இரண்டும் சரி. 1922இல் அமெரிக்காவில் மெக்கலம், மீன் எண்ணெயில் இருந்த வைட்டமின் ஏவைச் சூடாக்கி அழித்த பிறகும் ரிக்கெட்ஸ் குணமாவதைக் காட்டி, அது வேறொன்று என்று வைட்டமின் டி எனப் பெயர் வைத்தார். ஏ, பி, சி ஏற்கெனவே போய்விட்டதால் டி.

ஒரு கைக்கு ஒளி காட்ட மறு கை ஆறியதை முதலில் படித்தபோது வெகுநேரம் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

சான்றுகேட்பவன்:

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வி. அமெரிக்காவில் விட்டல் என்ற பெரிய ஆய்வு, 25,871 பேர், தினமும் 2,000 யூனிட். 2022இல் எலும்பு முறிவு பற்றிய முடிவு வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் முறிவில் வித்தியாசமில்லை. அப்புறம் எதற்கு ஊரெல்லாம் பரிசோதனை, ஊரெல்லாம் மாத்திரை? என் நிறுவனத்தில் வருடாந்தரப் பரிசோதனையில் 24 வந்த முப்பது வயதுப் பையன்களுக்கெல்லாம் 60,000 எழுதுகிறார்கள்.

எலும்புப்பிரிவு:

நல்ல கேள்வி. உங்களோடு பாதிக்கு மேல் ஒத்துப்போகிறேன்.

விட்டலில் சேர்ந்தவர்கள் குறைபாடு பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல. சராசரியாக 30 நானோகிராம் அளவில் இருந்தவர்கள். நிறைந்த குடத்தில் ஊற்றினால் வழியத்தான் செய்யும். 1992இல் பிரான்சில் முதியோர் இல்லங்களில் இருந்த 3,270 பெண்களுக்கு 800 யூனிட் வைட்டமின் டியும் 1,200 மில்லிகிராம் கால்சியமும் தினமும் கொடுத்த ஆய்வில் இடுப்பு முறிவு 43 சதவீதம் குறைந்தது. அவர்கள் வெளியே போகாதவர்கள், உள்ளே கையிருப்பே இல்லாதவர்கள். யாருக்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஒரேயடியாக அதிகம் கொடுத்தாலும் தப்பு. ஆஸ்திரேலியாவில் வயதான பெண்களுக்கு வருடத்துக்கு ஒரு முறை 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தபோது விழுவதும் முறிவதும் அவர்களுக்கு அதிகமாகியிருந்தது.

24 வந்த பையன்கள் பற்றி. அமெரிக்க மருத்துவக் கழகம் 2011இல் எலும்புக்கு 20 போதும் என்றது. அதே வருடம் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் சங்கம் 30 வேண்டும் என்றது. இந்த இரண்டுக்கும் நடுவே மாட்டியவர்கள்தான் உங்கள் பையன்கள். 2024இல் அந்தச் சங்கமே 30 என்ற எல்லையைக் கைவிட்டு, ஆரோக்கியமாக இருப்பவர்களுக்குச் சும்மா பரிசோதனை செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டது. நானும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் இந்த இழையில் கேட்டவருக்கு 24 அல்ல, 7. அறிகுறியும் இருக்கிறது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள்.

ராகிக்களி:

ஒரு சந்தேகம் டாக்டர். எங்கள் பக்கம் நாள் முழுக்க வெயிலில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கும் கால் வளைந்து பார்த்திருக்கிறேன். அது எப்படி?

எலும்புப்பிரிவு:

வெயில் இருந்து கால்சியம் இல்லாவிட்டாலும் வரும். நைஜீரியாவில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, அங்கே ரிக்கெட்ஸ் வந்த பிள்ளைகளுக்கு வைட்டமின் டி மட்டும் கொடுத்ததைவிடக் கால்சியம் கொடுத்தபோது நன்றாக ஆறியது. 1999இல் வந்த ஆய்வு அது. நம் ஊரிலும் பால், மீன் வாங்க முடியாமல் சோறும் ரசமுமாகச் சாப்பிடும் வீடுகளில் கால்சியம் மிகக் குறைவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் சொன்னபடி பெரியவர்களுக்கு நாளுக்கு 1,000 மில்லிகிராம் கால்சியமும் 600 யூனிட் வைட்டமின் டியும் வேண்டும். 100 கிராம் கேழ்வரகில் 350 மில்லிகிராம் அளவுக்குக் கால்சியம் இருக்கிறது. அதிலுள்ள ஃபைடேட் அதைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டியோ புளிக்க வைத்துக் கூழாகவோ சாப்பிட்டால் அந்தப் பிடி தளரும். நெத்திலியை முள்ளோடு சாப்பிடுவதும் நல்ல வழி.

நீங்கள் எந்தப் பக்கம்?

ராகிக்களி:

தர்மபுரி மாவட்டம்.

எலும்புப்பிரிவு:

அப்படியென்றால் தண்ணீரையும் பார்க்க வேண்டும். உங்கள் பக்க ஆழ்துளைக் கிணறுகளில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் தண்ணீர் கொண்டுவந்ததே அதற்காகத்தான். கால்சியம் குறைவாகச் சாப்பிடும் குழந்தையை ஃபுளோரைடு இன்னும் மோசமாகத் தாக்கும், கால் வளையும். பற்களில் பழுப்புக் கறை இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மாத்திரையை விட முதலில் மாற்ற வேண்டியது குடிநீர்.

புதுஅம்மா:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். குழந்தைக்கு இரண்டு மாதம், தாய்ப்பால் மட்டும். குழந்தை மருத்துவர் தினமும் 400 யூனிட் சொட்டு மருந்து ஒரு வருடத்துக்குச் சொல்கிறார். அத்தை காலை வெயில் காட்டினால் போதும் என்கிறார். இதைப் படித்த பிறகு சொட்டு மருந்தே கொடுக்கலாம் என்று நினைக்கிறேன், சரிதானே?

மருந்துக்கடை_மதுரை:

சரிதான்மா. தாய்ப்பாலில் மற்றதெல்லாம் இருக்கும், வைட்டமின் டி மட்டும் மிகக் குறைவு. ஒரே ஒரு எச்சரிக்கை. கடையில் ஒரு மில்லியில் 400 யூனிட் உள்ள புட்டியும் உண்டு, 800 யூனிட் உள்ளதும் உண்டு. கம்பெனி மாற்றி வாங்கினால் அளவும் மாறும். ஒவ்வொரு புட்டிக்கும் அட்டையைப் படியுங்கள், அந்தப் புட்டியோடு வந்த டிராப்பரை மட்டும் பயன்படுத்துங்கள். அத்தை மனம் நோக வேண்டாம், காலையில் குழந்தையை மடியில் வைத்து வாசலில் உட்காரட்டும். சொட்டு மருந்தும் தொடரட்டும்.

தறிவீட்டுப்பெண்:

பத்து வாரம் கழித்து எழுதுகிறேன். எக்ஸ்ரேயில் நல்லவேளையாக விரிசல் இல்லை. பாராதைராய்டு ஹார்மோன் அதிகம், பாஸ்பரஸ் குறைவு, நீங்கள் சொன்னது போலவே. எட்டு ஞாயிறும் தவறாமல் கொடுத்தேன். ஐந்தாவது வாரத்தில்தான் ஏதோ மாற்றம் தெரிந்தது, இரவில் முனகுவது நின்றது. இப்போது தறிக்குழியிலிருந்து ஒரு கையை மட்டும் ஊன்றி எழுகிறார். என்னைக் கூப்பிடுவதில்லை. விலா வலி போய்விட்டது, தொடையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் 12 மணிக்குக் கால் மணி நேரம், கையும் முதுகும் தெரியும்படி கொல்லையில் துணி காயப்போடும் வேலையை அம்மாவே எடுத்துக்கொண்டார். சித்திரை, வைகாசியில் அது வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன், அந்த வெயிலில் மயங்கி விழுந்துவிடுவார்.

வைட்டமின் டி 33க்கு வந்துவிட்டது. அல்கலைன் பாஸ்படேஸ் மட்டும் 230, இன்னும் இறங்கவில்லை. பயப்பட வேண்டுமா? சொந்தக்காரர் ஒருவர் எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்து, வருடத்துக்கு ஒரு முறை போடும் எலும்பு ஊசியைப் போட்டுவிடலாம் என்கிறார்.

எலும்புப்பிரிவு:

படித்ததும் அவ்வளவு சந்தோஷம். 230 பற்றிப் பயம் வேண்டாம். அந்த எண் எலும்பு கட்டும் செல்களின் வேலையைக் காட்டுவது. இத்தனை காலம் பாக்கியிருந்த சுண்ணத்தை இப்போதுதான் ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள், இறங்கப் பல மாதம் ஆகலாம். மூன்று மாதம் கழித்து மறுபடி பாருங்கள். மாதம் ஒரு 60,000 என்று உங்கள் டாக்டர் மாற்றிக் கொடுப்பார் என்று நினைக்கிறேன். கால்சியத்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஸ்கேன் இப்போது வேண்டாம். அந்தக் கருவி சுண்ணத்தின் அளவை மட்டும்தான் பார்க்கும். எலும்பே குறைந்துபோன எலும்புப்புரையா, சுண்ணம் ஏறாத எலும்பு மென்மையா என்று அதற்குத் தெரியாது. இன்று எடுத்தால் எலும்புப்புரை என்றே காட்டும். அதை நம்பி, எலும்பு ஆறுவதற்கு முன் அந்த ஊசியைப் போட்டால், எலும்பிலிருந்து கால்சியம் வெளியே வரும் வழி அடைபட்டு, ரத்தத்தில் கால்சியம் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். முழுதாக ஆறட்டும், ஒரு வருடம் கழித்து எடுத்துப் பார்க்கலாம்.

தறிவீட்டுப்பெண்:

சரிங்க டாக்டர். ஸ்கேனுக்கு நாளைக்கு நேரம் வாங்கியிருந்தேன், இப்போதே போன் போட்டு ரத்து செய்கிறேன். பக்கத்துத் தறி அக்காவும் இதே மாதிரி கையை ஊன்றித்தான் எழுகிறார். அவரையும் திங்கட்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன்.